மொழி எது, வழக்கு எது?

அரபு இலக்கணம் ஓதத் தொடங்கும் மாணவர்கள் 'மா' என்னும் எதிர்மறை இடைச்சொல்லைப் பற்றித் தொடக்க ஆண்டுகளிலேயே படிக்கிறார்கள். ஒருவரை இன்னார் அல்லர் என்று மறுக்கும் வாக்கியத்தில் இச்சொல் வந்தால், ஹிஜாஸ் பகுதி மக்கள் அதன் பயனிலையை 'அன்' என்ற ஒலியில் முடிப்பார்கள். தமீம் குலத்தார் 'உன்' என்ற ஒலியில் முடிப்பார்கள். திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் இவ்வமைப்பு ஹிஜாஸ் வழக்கிலேயே வந்துள்ளது. ஆயின், அரபு இலக்கணத்தின் தலையாய ஆசிரியரும் பாரசீக வழியினருமான ஸீபவைஹி, கியாஸ் எனப்படும் இலக்கண ஒப்புமையை நோக்கினால் தமீம் வழக்கே பொருத்தமுடையது என்று தம் நூலில் எழுதினார். இறைமறை வந்த வழக்கு ஒன்று. இலக்கண நியதிக்கு நெருங்கிய வழக்கு மற்றொன்று. இரண்டில் எதனையும் அவர் பிழையென்று தள்ளவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஹிஜாஸ் மக்களின் பேச்சையும் தமீம் குலத்தாரின் பேச்சையும் அவ்விலக்கண ஆசிரியர்கள் 'லுகத்' என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். இன்று அரபியில் லுகத் என்றால் மொழி. வட்டார வழக்குக்கு 'லஹ்ஜா' என்று வேறு சொல் வழங்குகிறது. முன்னோருக்கு இந்தப் பிரிவினை தேவைப்படவில்லை. ஒரு குலம் பேசுவதும் லுகத். ஓர் இனம் முழுவதும் பேசுவதும் லுகத். ஹிஜ்ரி 392இல் மறைந்த இப்னு ஜின்னீ என்னும் பேரறிஞர் தம் 'அல் கஸாயிஸ்' நூலில், அரபுக் குலங்களின் பேச்சுகள் வேறுபட்டிருப்பினும் அவை யாவுமே ஆதாரமாகக் கொள்ளத்தக்கவை என்பதை நிறுவுவதற்கென்றே ஓர் இயல் வகுத்தார். ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்ததாக இருக்கலாம். ஆனால் சிறந்ததை விட்டு மற்றதைப் பேசியவன் தவறிழைத்தவன் ஆகமாட்டான் என்பது அவர் முடிபு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற இம்முடிபை இன்று எடுத்துப் பேச வேண்டிய காரணம் என்ன? 'அது ஒரு மொழியா? வெறும் பேச்சுவழக்குத்தானே!' என்னும் சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். மலைவாழ் மக்களைப் பற்றிச் சொல்லும்போதும், பக்கத்து ஊராரைப் பற்றிச் சொல்லும்போதும், சில வேளைகளில் நம் சொந்தத் தாயைப் பற்றிச் சொல்லும்போதும் இச்சொல் வருகிறது. ஆகவே, மொழி எது, வழக்கு எது என்று பிரிக்கும் உரிமை யாருக்கு உண்டு, பிரித்தபின் கீழே வைக்கப்பட்ட பேச்சுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்ற இரண்டையும் சற்று ஆராய்வோம்.

அளவுகோல்கள் எவை?

ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்தால் ஒரே மொழி. புரியாவிட்டால் வேறு மொழி என்பது முதல் அளவுகோல். கேட்பதற்கு இது எளிதாகவே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து புறப்பட்டு மதுரை, நெல்லை, நாகர்கோவில் வழியாக ஊர் ஊராக நடந்து திருவனந்தபுரம் வரை செல்லும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஊராரும் அடுத்த ஊரார் பேசுவதை அறிந்துகொள்கிறார்கள். ஆனால் பயணத்தின் முதல் ஊராரும் கடைசி ஊராரும் எளிதில் உரையாட இயலாது. எந்த இடத்தில் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்கிற்று? மேலைக்கரையின் பேச்சு தமிழினின்று எந்த நாளில் பிரிந்து தனிமொழி ஆயிற்று? நூற்றாண்டைச் சொல்லலாம், நாளைச் சொல்ல முடியாது. எந்தத் தாயும் ஒரு மொழியில் பேசி, அவள் மகள் வேறு மொழியில் மறுமொழி கூறியதில்லை.

எழுத்து இருந்தால் மொழி, இல்லையேல் வழக்கு என்பது இரண்டாம் அளவுகோல். மதுரையிலும் பரமக்குடியிலும் வாழும் நெசவாளப் பெருமக்களின் சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்தே உண்டு. எனினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதனைக் குஜராத்தி மொழியின் கீழ் ஒரு தாய்மொழியாகவே அடக்கியது. எழுத்திருந்தும் அது தனிமொழியாக எண்ணப்படவில்லை. எழுத்தில்லாத நீலகிரியின் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தனித்தனி மொழிகள் என்பதில் மொழியறிஞர்களுக்கு ஐயமில்லை.

பேசுவோர் தொகை மூன்றாம் அளவுகோல். அதே 2011 கணக்கெடுப்பில் போஜ்புரி தம் தாய்மொழி என்று கூறியோர் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள். அது இந்தியின் கீழ் வைக்கப்பட்டது. தொகை பெரிதாயினும் அதனால் தனியிடம் கிடைத்துவிடவில்லை.

அரசின் ஆணையே அளவுகோல் என்றால், அது ஓரளவு உண்மைதான். மங்களூர்க் கரையோர முஸ்லிம்கள் பேசும் பியாரியை மலையாளத்தின் ஒரு வழக்கென்றே பலர் கருதிவந்தனர். 2007இல் கர்நாடக அரசு பியாரி சாகித்திய அகாதமியை நிறுவியது. ஆணைக்கு முதல் நாளும் மறு நாளும் அம்மக்கள் பேசிய பேச்சு ஒன்றே. அதனைப் பிறர் நோக்கும் நோக்குத்தான் மாறிற்று.

2011 கணக்கெடுப்பின்போது நம் நாட்டு மக்கள் தாமே சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக வகுத்தார்கள். அவற்றைத் தொகுத்து, பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகள் 121 என்று முடித்தார்கள். எண்ணுவோருக்கு இத்தகைய தொகுப்பு இன்றியமையாதது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் 19,569 என்பதற்கும் 121 என்பதற்கும் இடையில் எத்தனை வீடுகளின் பேச்சு வேறொரு பெயருக்குள் மறைந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பெயருக்குள் பல பேச்சுகள்

பெயரிடுவதிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நீலகிரியில் குறும்பர் என்ற ஒரே பெயரால் ஆலுக் குறும்பர், பெட்டக் குறும்பர், தேன் குறும்பர், முள்ளுக் குறும்பர் எனப் பல பிரிவினரைக் குறிக்கிறோம். ஒரு பிரிவாரின் பேச்சு கன்னடத்திற்கு நெருங்கியது. இன்னொரு பிரிவாரின் பேச்சு மலையாளத்திற்கு நெருங்கியது. 'குறும்பர் மொழி' என்று ஒருமையில் சொல்வது தூரத்தில் நிற்பவருக்கு வசதியே தவிர, அம்மக்களில் எவருடைய பேச்சையும் அது சரியாகக் குறிப்பதில்லை.

இதே நிலையை விரிவாகக் காட்டும் சான்று மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. செனகல் நாட்டின் தென்பகுதியாகிய காஸமான்ஸிலும், அதற்கு வடக்கே காம்பியாவிலும், தெற்கே கினி பிஸ்ஸாவிலும் ஜோலா மக்கள் வாழ்கிறார்கள். நம்மைப் போன்றே நெல் விளைவித்து உண்பவர்கள். காஸமான்ஸ் ஆற்றின் வடபால் வாழ்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒருவரையொருவர் காணும்போது 'கஸூமாய்' என்கிறார்கள். அமைதி என்பது அதன் பொருள். ஸலாம் சொல்லிப் பழகிய நமக்கு அந்த வாழ்த்து அந்நியமாகத் தோன்றாது.

ஜோலா ஒரு மொழியா என்று கேட்டால் விடை எளிதன்று. ஆற்றின் வடபால் ஃபோஞி, தென்பால் காஸா, கடலோரத்தில் கரோன், குவாத்தாய் எனப் பல பேச்சுகள் உண்டு. சில தம்முள் ஓரளவு புரியும். குவாத்தாய் போன்றவை புரியமாட்டா. அம்மக்கள் முன்னாளில் தம்மை ஊராலும் நாட்டாலும் அழைத்துக்கொண்டனர். ஜோலா என்னும் பொதுப்பெயர் வெளியார் வாயிலிருந்து வந்து பரவியது. ஆங்கிலேயர் ஆண்ட காம்பியாவில் அப்பெயரை ஒருவிதமாகவும், பிரெஞ்சுக்காரர் ஆண்ட செனகலில் வேறுவிதமாகவும் எழுதினார்கள். 1965இல் டேவிட் சபீர் என்னும் அமெரிக்க அறிஞர் ஃபோஞி வழக்குக்கு விரிவான இலக்கணம் எழுதி வெளியிட்டார். 2001ஆம் ஆண்டின் செனகல் அரசமைப்புச் சட்டம் பிரெஞ்சை ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டே, ஜோலா உள்ளிட்ட ஆறு மொழிகளைத் தேசிய மொழிகள் என்று பெயர் சொல்லி ஏற்றது. எழுத்துமுறை வகுக்கப்படும் ஏனைய மொழிகளுக்கும் இடமளித்தது.

இது போற்றத்தக்க செயலே. எனினும் அந்த ஒற்றைப் பெயருக்குள்ளும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஃபோஞியில் எழுதப்பெற்ற பாடநூல், குவாத்தாய் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தாய்மொழி நூலாகிவிடுமா? பிரெஞ்சின் முன் சிறுமைப்பட்டு நின்ற ஒரு பேச்சு ஏற்றம் பெற்றதும், தன்னைவிடச் சிறிய ஒன்றின் முன் தானே பெரியதாகி நின்றுவிடக்கூடும்.

ஆப்பிரிக்காவைப் பற்றி இதனைச் சொல்லிவிட்டு நாம் அமைதியாக இருந்துவிட முடியாது. தமிழின்மேல் பிற மொழி ஏற்றப்படலாகாது என்று 1937 முதல் 1940 வரையிலும், பின்னர் 1965இலும் இந்த மண் போராடிற்று. உயிரையும் கொடுத்தார்கள். அதே தமிழின் கீழ், இருளர் மொழி ஒரு தாய்மொழியாக மட்டுமே கணக்கெடுப்பில் அடக்கப்பட்டுள்ளது. அம்மொழியை ஆராய்ந்து 1973இல் நூல் வெளியிட்ட செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், அது தமிழின் திரிபு அன்று, தனியொரு திராவிட மொழி என்று கருதினார். அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும், 'உன் மொழி எங்கள் மொழியின் கொச்சை' என்ற சொல் நம்மை நோக்கி வந்தபோது எப்படிச் சுட்டதோ, அப்படியே ஓர் இருளர் சிறுவனையும் சுடும் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

எல்லை மனிதன் வகுத்தது

அப்படியானால் மொழி, வழக்கு என்ற பிரிவினையே பொய்யா? அவ்வாறும் சொல்ல இயலாது. நோன்பு நோற்பவருக்கு இரவு எங்கே முடிகிறது, பகல் எங்கே தொடங்குகிறது என்று ஓர் எல்லை வேண்டும். வைகறையின் பொய் வெளிச்சத்தையும் உண்மை வெளிச்சத்தையும் பிரித்து, ஸஹர் முடியும் நேரத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் வகுத்துத் தருகின்றன. அவ்வெல்லை இல்லாவிடில் வணக்கம் ஒழுங்குபடாது. ஆனால் வானத்தில் ஒளி பரவுவது கோடு கிழித்தாற்போல் பரவுவதில்லை. சிறிது சிறிதாகவே வெளுக்கிறது. நாட்காட்டியில் அச்சிட்ட நிமிடத்திற்கு முந்திய நிமிடத்தின் ஒளி இழிந்தது, பிந்திய நிமிடத்தின் ஒளி உயர்ந்தது என்று எவரும் கூறார்.

மொழிகளுக்கிடையே நாம் இடும் கோடும் இத்தகையதே. பாடநூல் அச்சிட, நீதிமன்றம் நடத்த, மக்களை எண்ண அந்தக் கோடு தேவைப்படுகிறது. தேவைக்காக இட்ட கோட்டை மதிப்பின் கோடாக மாற்றிவிடும்போதுதான் அநீதி பிறக்கிறது. மக்களின் நாவுகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக ரூம் அத்தியாயத்தில் எடுத்துக்காட்டுகிறான். வானங்களையும் பூமியையும் படைத்ததோடு சேர்த்து இதனையும் சொல்கிறான். அங்கே 'லிஸான்' எனப்படும் நாவின் வேறுபாடு கூறப்பட்டதே தவிர, எழுத்துடைய நாவு, எழுத்தில்லா நாவு என்றோ, அரசுடைய நாவு, அரசில்லா நாவு என்றோ பாகுபாடு கூறப்படவில்லை.

தொல்காப்பியரின் திசைச்சொல்

அரபு அறிஞர்களின் இப்பெருந்தன்மைக்கு இணையானது தமிழ் இலக்கணத்திலும் உண்டு. செய்யுள் இயற்றுதற்குரிய சொற்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களில் வழங்கும் சொற்களே திசைச்சொற்கள். அவற்றைச் செந்தமிழுக்குப் புறம்பானவை என்று ஒதுக்காமல், செய்யுளுக்கு உரியவை என்று ஏற்றார். குட்ட நாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர், பூழி நாட்டார் நாயை 'ஞமலி' என்பர் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். அவர்கள் உரையில் ஏளனத்தின் சாயல் சிறிதும் இல்லை.

அந்த உரையாசிரியர்கள் இன்று செட்டிநாட்டுக்கு வந்தால் அவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் குவிந்து கிடக்கும். நகரத்தார் வீட்டுப் பிள்ளை தாயை 'ஆத்தா' என்றும், தந்தையை 'அப்பச்சி' என்றும் அழைக்கிறது. இளையான்குடி ராவுத்தர் வீட்டுப் பிள்ளை தந்தையை 'அத்தா' என்கிறது. முதல் எழுத்தின் நெடில் குறிலானதும் தாய் தந்தையாகிவிடுகிறார்! கிழக்கே கீழக்கரைக்கோ தெற்கே காயல்பட்டினத்துக்கோ சென்றால் தந்தை 'வாப்பா' ஆகிறார், தாய் 'உம்மா' ஆகிறார், அண்ணன் 'காக்கா' ஆகிறார், அக்காள் 'ராத்தா' ஆகிறார். பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்த செட்டியார்கள் தம் தொழிலகத்தைக் 'கிட்டங்கி' என்றார்கள். அவர்கள் வீட்டின் 'வளவு' என்னும் சொல்லைச் செட்டிநாட்டின் எந்தத் தெருவிலும் கேட்கலாம்.

முஸ்லிம்களின் பேச்சில் அரபுச் சொல் மிகுதி என்று கூறுவோர், அதில் தமிழ் எவ்வளவு காக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிப்பதில்லை. வடநாட்டு முஸ்லிம்கள் நமாஸ் என்றும் ரோஸா என்றும் பாரசீகச் சொல்லால் கூறுவனவற்றை நாம் தொழுகை, நோன்பு என்கிறோம். இறையில்லத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். மறையை ஓதுகிறோம், சிவன் கோயிலில் திருமுறை பாடுபவரும் ஓதுவார்தாம். காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்கிறோம். குழம்பை ஆணம் என்கிறோம். அது தமிழ் அகராதியில் இடம்பெற்ற சொல்லே. இவற்றைக் 'கொச்சை' என்று கூறி நம் பிள்ளைகளை நாணச் செய்வோர், எதனைக் கொச்சை என்கிறார்கள் என்பதைத் தாமே அறியார்.

பொதுவழக்கு வேண்டாவா?

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒவ்வொருவரும் அவரவர் வழக்கையே பிடித்துக்கொண்டால் சமுதாயம் எவ்வாறு ஒன்றுபடும்? அனைவரும் படிக்கும் எழுத்துமொழி ஒன்று வேண்டாவா?

வேண்டும். அதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. படைவீரர்கள் ஓதும் முறையில் பிணக்கு நேர்வதைக் கண்ட ஹுதைஃபா (ரலி) அவர்கள் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். மதீனாவைச் சேர்ந்த ஸைத் (ரலி) அவர்கள் தலைமையில் குறைஷியர் மூவரும் அமர்ந்து படிகள் எழுதினர். கருத்து வேறுபட்டால் குறைஷியரின் வழக்கில் எழுதுமாறு கலீஃபா பணித்தார்கள். பேழையைக் குறிக்கும் சொல்லை மதீனா வழக்கில் 'தாபூஹ்' என்பதா, குறைஷி வழக்கில் 'தாபூத்' என்பதா என்ற வினா எழுந்தபோது 'தாபூத்' என்றே எழுதப்பெற்றது. உம்மத்தின் ஒற்றுமைக்கு ஒரே எழுத்துப்படி தேவைப்பட்டது. அதில் தயக்கம் காட்டப்படவில்லை.

ஆனால் எழுத்து ஒன்றானதால் ஓதல்கள் அழிக்கப்படவில்லை. நாம் ஹஃப்ஸ் முறைப்படி ஓதுகிறோம். செனகல் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வர்ஷ் முறைப்படி ஓதுகிறார்கள். அல்ஹம்து அத்தியாயத்தில் நாம் 'மாலிகி' என்று நெடிலாக ஓதும் சொல்லை ஜோலா முஸ்லிம் சகோதரர் 'மலிகி' என்று குறிலாக ஓதுவார். நெடிலில் உரிமையாளன் என்ற பொருளும், குறிலில் அரசன் என்ற பொருளும் விளங்கும். இரண்டும் தொடர்ச்சியான அறிவிப்பால் வந்தவை. அவர் பின் நின்று நாம் தொழலாம். நம் பின் நின்று அவர் தொழலாம்.

இதற்கு அடித்தளமான நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஹிஷாம் (ரலி) அவர்கள் ஃபுர்கான் அத்தியாயத்தைத் தாம் கற்றதற்கு மாறாக ஓதக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தொழுகை முடியும்வரை பொறுத்திருந்து, அவரது மேலாடையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அழைத்துச் சென்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் அவரை விடுவிக்கச் சொன்னார்கள். இருவரையும் ஓதச் செய்து கேட்டு, இரண்டையும் சரியென்றார்கள். ஏழு ஹர்ஃபுகளில் மறை இறங்கியதை விளக்கினார்கள். இருவருமே குறைஷியர் ஆதலால், ஏழு ஹர்ஃபு என்பது குலவழக்குகளை மட்டுமே குறிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். எனினும் நாம் பெறும் பாடம் தெளிவானது. உமர் (ரலி) போன்றவர்க்கே தாம் கற்ற முறை ஒன்றே சரியெனத் தோன்றிற்று என்றால், நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அவர்கள் கேட்டறிந்ததும் கைப்பிடியைத் தளர்த்தினார்கள். நாம்தான் இன்னும் மேலாடையைப் பற்றிக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே பொதுவழக்கைக் கற்பிப்பது ஆசிரியனின் கடமை. கற்பிக்கும்போது வீட்டுவழக்கை இழிவுபடுத்தாமலிருப்பதும் அவன் கடமையே. 'எழுதும்போது தந்தை என்று எழுது' என்று சொல்வதற்கு, 'அத்தா என்பது பட்டிக்காட்டுச் சொல்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? மதரஸாவில் கடற்கரை ஊர் மாணவன் வாய் திறந்தால் உள்நாட்டு மாணவர்கள் சிரிப்பதையும், உள்நாட்டான் பேசினால் கடற்கரையார் சிரிப்பதையும் ஆண்டுதோறும் காண்கிறேன். பொழுதுபோக்கான சிரிப்பென்று விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதல் மாதம் சரளமாகப் பேசிய சிறுவன் மூன்றாம் மாதம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறான். பேச்சு தெரியாதவனாகி அவன் வாயடைக்கவில்லை; தன் பேச்சைக் குறித்த நாணத்தால் வாயடைத்துப் போகிறான். ஒருவரையொருவர் ஏளனம் செய்யாதீர்கள் என்று ஹுஜ்ராத் அத்தியாயம் தடுத்திருப்பது இத்தகைய சிரிப்பையும் சேர்த்துத்தான்.

பேச்சின் தெளிவை வைத்து மனிதனை மதிப்பிட்டவன் யார் என்று திருக்குர்ஆனில் தேடினால் ஃபிர்அவ்ன் கிடைக்கிறான். தெளிவாகப் பேசவும் இயலாதவர் என்று மூஸா (அலை) அவர்களை அவன் பழித்தான். மூஸா (அலை) அவர்களோ, தம் சகோதரர் ஹாரூன் (அலை) தம்மினும் நாவன்மை உடையவர் என்று மகிழ்வோடு கூறித் துணைக்கு வேண்டினார்கள். நாவன்மையை ஓர் உதவியாகக் கண்டவர் நபி. அதனை ஏற்றத்தாழ்வாகக் கண்டவன் கொடுங்கோலன்.

தாயின் பேச்சு

இந்தக் கேள்வி முடிவில் வந்து நிற்கும் இடம் நம் வீடுதான். ஊரில் வாழ்ந்த தாயைப் பட்டணத்து வீட்டுக்கு அழைத்து வருகிறான் மகன். விருந்தினர் வந்தால், 'நீங்கள் உள்ளே இருங்கள், உங்கள் ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் புரியாது' என்கிறான். பேரப்பிள்ளை அப்பேச்சைக் கற்றுக்கொண்டுவிடும் என்று மருமகள் அஞ்சுகிறாள். பெற்றோரை நோக்கிச் 'சீ' என்னும் சிறு சொல்லையும் சொல்லலாகாது என்று இறைவன் தடுத்திருக்கிறான். ஒரு தாயின் பேச்சையே நாணத்தக்கது என்று அவளுக்கு உணர்த்துவது அந்தச் சிறு சொல்லினும் கொடியதன்றோ? அவள் அதனைத் திரும்பச் சொல்லிக் கண்டிக்கவும் அவளுக்கு வேறு பேச்சு இல்லையே!

அரபுத்தமிழின் கதையும் இதுவே. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகள் வகுத்து, தமிழகக் கரையோரத்திலும் இலங்கையிலும் நம் முன்னோர் நூல்கள் எழுதினர். மேற்கு ஆப்பிரிக்காவில் வொலோஃப் மொழியை அரபு எழுத்தில் எழுதியது போன்ற முயற்சி இது. கீழக்கரை இமாமுல் அரூஸ் ஸெய்யிது முஹம்மது மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகிய நூல்கள் வழியாகவே எத்தனையோ இல்லங்களின் பெண்கள் மார்க்கச் சட்டங்களை அறிந்தார்கள். 1993இல் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் இவ்விலக்கியத்தைப் பற்றி விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார்கள். அர்வி தனிமொழியா, தமிழின் ஒரு வழக்கா, வெறும் எழுத்துமுறையா என்ற விவாதம் இன்றும் நடைபெறுகிறது. விவாதம் நடக்கட்டும். அதற்கிடையில், அந்நூலை மடியில் வைத்துத் தடையின்றி ஓதிய பாட்டிமாரைப் 'படிக்காதவர்கள்' என்றே நம் பேச்சில் குறித்துவந்தோம். அவர்கள் மறைந்தபின் பெட்டியில் கிடக்கும் அந்த நூலைப் படிக்க வீட்டில் ஆளில்லை. யார் படிக்காதவர் என்பதை இப்போது மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

காரைக்குடி, தமிழ்த்தாய்க்கென்றே கோயில் எழுப்பிய ஊர். கம்பன் மணிமண்டபத்தில் 1993இல் அது திறக்கப்பெற்றது. மொழியைத் தாயென்று போற்றும் பண்பு இம்மண்ணில் ஆழ வேரூன்றியது. முஸ்லிம்களாகிய நாம் மொழியை வணங்குவதில்லை. இறைவனின் அத்தாட்சியாக மதிக்கிறோம். எந்த வழியில் மதித்தாலும், அம்மதிப்பு ஏட்டுத்தமிழோடு நின்றுவிடாமல், ஆத்தா என்றும் உம்மா என்றும் அழைக்கப்படும் பெண்களின் வாய்ப்பேச்சு வரை வந்து சேர வேண்டும்.

இதற்குப் பெரிய இயக்கம் எதுவும் தேவையில்லை. வீட்டில் முதியோர் இருந்தால் அவர்கள் வழங்கும் உறவுப்பெயர், உணவுப்பெயர், பழமொழி, தாலாட்டு ஆகியவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள், திருத்தி எழுதாதீர்கள். தமீம் குலத்தார் ஓர் எழுத்தை வேறுபட ஒலித்ததைக்கூட அரபு அறிஞர்கள் குறித்து வைத்ததால்தான் இன்று நாம் அதனை அறிகிறோம். அர்வி நூல் இருந்தால் பழைய தாள் வாங்குவோரிடம் போட்டுவிடாமல், படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்குச் செந்தமிழ் கற்பியுங்கள். கற்பித்த அதே வாயால் பாட்டியின் சொல்லைப் பழிக்காதீர்கள். மலைநாட்டாரும் நெசவாளரும் தம் பேச்சைத் தனிமொழி என்று சொன்னால், மறுத்துரைப்பதற்கு முன் ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள்.

அரபிக்கு அஜமியைவிட மேன்மையில்லை, அஜமிக்கு அரபியைவிட மேன்மையில்லை, இறையச்சம் ஒன்றே மேன்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு நம் ஊர்களுக்கும் உரியது. அத்தா என்பவனுக்கு வாப்பா என்பவனைவிட மேன்மையில்லை. ஆத்தா என்பவளுக்கு உம்மா என்பவளைவிடத் தாழ்வுமில்லை. மொழி என்று பெயர் பெற்றதும் வழக்கு என்று பெயர் பெற்றதும் ஒரே படைப்பாளன் தந்த நாவினின்றே எழுகின்றன. அந்த நாவைப் பிறரைச் சிறுமைப்படுத்தாமல் பயன்படுத்தும் நல்லருளை அவன் நமக்கு வழங்குவானாக.